இணைப்புகளைச் சேமிக்கவும் பகிரவும் எதைத் தேர்ந்தீர்கள்?

களுவாஞ்சிகுடியிலிருந்து:

வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பற்றி எனது வலைப்பூவில் எழுதி வருகிறேன். ஒரு கட்டுரைக்காகத் தேடும்போது அகப்படும் காணொளிகளையும் பழைய நூல்களின் பக்கங்களையும் அதற்குள்ளேயே திணித்தால் வாசிப்பவர் சலித்துப்போவார் என்பதால், இணைப்புகளுக்கென்று தனியாக ஓர் இலவசச் சேவையில் கணக்குத் திறந்தேன். மூன்று ஆண்டுகளின் பின்னர் அந்தச் சேவை மூடப்படுவதாக, நான் பார்ப்பதை நிறுத்திவிட்ட ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அறிவித்தல் வந்திருந்தது; கண்ணில் படும்போது தவணை கடந்துவிட்டது. ஏறத்தாழ நானூறு இணைப்புகள் போயின. அவற்றைத் திரும்பத் தேடிப் பிடிக்கலாம். ஒவ்வொன்றின் கீழும் அதை ஏன் சேமித்தேன் என்று அன்றன்று எழுதிய இரண்டு வரிகளை இனி எங்கே தேடுவது?

பெரிய பெயர் இருந்தால் பயமில்லை என்றும் சொல்வதற்கில்லை. பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் வாசிக்கத் தந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று நின்றது. 2003இல் தொடங்கிய, இணைப்புகளைச் சேமித்துப் பகிரும் டெலிஷியஸ் பல கை மாறி, 2017இல் புதிதாக எதையும் சேர்க்க முடியாத நிலைக்கு வந்தது. பிறகு வாசிக்கப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் பொக்கெட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. ஆகையால் இப்போது எந்தக் கருவியைப் பார்த்தாலும், சேர்த்தவற்றைக் குறிப்புகளோடு ஒரே கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்பதையே முதலில் பார்க்கிறேன். வலைப்பூவுக்காக ஏற்கெனவே வாடகை கட்டும் வழங்கியிலேயே இணைப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் ஷார்லி என்ற திறமூல மென்பொருளை நிறுவியிருக்கிறேன். அதற்குத் தரவுத்தளம் தேவையில்லை. அதன் கோப்புறையை மாதம் ஒருமுறை நகலெடுத்தால் போதும். புதிதாகச் சேர்ப்பவற்றை வாசிப்பவருக்குத் தானாகவே எட்டச்செய்யும் ஆர்.எஸ்.எஸ். ஓடையையும் அதுவே தருகிறது.

கல்முனையிலிருந்து:

ஐயா, உங்கள் குறிப்புகளை நினைக்க எனக்கும் மனம் கனக்கிறது. என் சிக்கல் முகவரியின் நீளத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியாவில் மட்டக்களப்பைப் பற்றிய பக்கத்தின் முகவரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள்: யூனிகோடில் 12 குறியீடுகளாலான அந்த ஒரு சொல், குறியீட்டுக்கு மூன்று பைட்டும் பைட்டுக்கு (%E0 என்பதுபோல) மூன்று எழுத்துமாக 108 எழுத்துகளுக்கு நீண்டு நிற்கும். 108 என்பது தேங்காய் உடைக்க நல்ல எண். அச்சுத்தாளில் முகவரி கொடுக்க அல்ல. அதனால் ஒரு நினைவு மலரில் எல்லா முகவரிகளையும் சுருக்கி அச்சிட்டோம். சுருக்கித் தந்த சேவை இரண்டாம் ஆண்டே நின்றுபோக, மலரிலுள்ள முகவரி ஒன்றுகூட இன்று திறப்பதில்லை. இப்போது என் தளத்திலேயே ஆங்கில எழுத்தில் சிறு முகவரியோடு ஒரு பக்கம் அமைத்து, அதன் முகவரியை மட்டும் அச்சிடுகிறேன். உள்ளே இருக்கும் இணைப்பு செத்தாலும் நானே மாற்றிவிடலாம். பகிருமுன் ஒவ்வொரு பக்கத்தையும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் சேமித்துவைக்கவும் பழகியிருக்கிறேன். ஆனால் உள்நுழைந்தால் மாத்திரம் தெரியும் பக்கங்கள் அதில் சேமிக்கப்படுவதில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:

நான் முகநூல் குழுவொன்றில் மட்டுமே பகிர்ந்துவந்தேன். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் முகநூலும் வட்ஸ்அப்பும் இலங்கை முழுவதும் தடுக்கப்பட்ட நாட்களில், நான் சேர்த்துவைத்த எதையும் எனக்கே திறக்க முடியவில்லை. மின்னஞ்சலோ வழமைபோல வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினேன், ஆனாலும் எங்கள் பகுதியில் மின்னஞ்சலைத் திறப்பவர்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆதலால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் மூன்றே மூன்று இணைப்புகளை, எதற்காக வாசிக்க வேண்டும் என்ற ஒரு வரியோடு வட்ஸ்அப்பிலும் போடுகிறேன். பத்துப் போட்டால் ஒருவரும் தொடுவதில்லை.

ஷார்லி நல்லதுதான் நானா, ஆனால் சொந்த வழங்கி இல்லாதவருக்கு அது வீண் சுமை. நான் ரெயின்ட்ரொப் என்ற இணைப்புச் சேமிப்புச் சேவையில் ஒரு தொகுப்பைப் பொதுவில் திறந்துவைத்திருக்கிறேன். கணக்கில்லாதவரும் பார்க்கலாம், கோப்பாகவும் இறக்கலாம். கைத்தொலைபேசியிலிருந்து ஷார்லியில் சேர்ப்பது எப்படி?

களுவாஞ்சிகுடியிலிருந்து:

உலாவியில் ஷார்லியைத் திறந்து முகவரியை ஒட்டுகிறேன், தம்பி. சற்று மெதுவான வேலைதான். ஆனால் குறிப்பை எழுதாமல் சேமிக்கும் பழக்கம் அதனாலேயே நின்றுவிட்டது.