மறு: மறு: அட்டையைத் தட்டுவதா, தொடுவதா, ஒற்றுவதா?

அன்புள்ள குழுவினருக்கு,

மூன்று நாளாக ஓடும் இந்த இழையைத் தொடங்கி வைத்தவன் நான்தான். வந்த மடல்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இதில் பதில் எழுதிவிடுகிறேன். நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்து முதியோர் நிலையத்துக்காக ஒரு பக்கத் தாள் தயாராகிறது. பேருந்தில் கட்டண அட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்று நான்கு மொழிகளில் விளக்கம். ஆங்கிலத்தில் ‘டேப் இன், டேப் அவுட்’ (tap in, tap out) என்று நான்கே சொல்லில் முடித்துவிட்டார்கள். தமிழ்ப்பகுதி என் தலையில். ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம் என்று பார்த்தால் அதிலும் வம்பு. ‘டேப்’ என்று எழுதினால் ஒட்டுகிற டேப் முன்னால் வந்து நிற்கிறது. ‘டாப்’ என்று எழுதினால் அட்டையில் பணம் நிரப்புகிற டாப்-அப் ஆகிவிடுகிறது. போன மாதம் பேருந்தில் ஏறும்போது மாமியாரிடம் “அத்தை, கார்ட டாப் பண்ணுங்க” என்றேன். அவர் கைப்பையைத் திறந்து பத்து வெள்ளி (டாலர்) தாளை எடுத்து ஓட்டுநரிடம் நீட்டினார். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள்.

> ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல் என்று வைத்தால்தான் குழப்பம் தீரும். எல்லா இடத்திலும் ‘தட்டு’ என்றே போடுவோம்.

ஐயா, இதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்து டேப்பே ஒரு சொல் கிடையாது. வேர் வேறான இரண்டு சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று பழைய ஆங்கிலச் சொல். பீப்பாயின் துளையை அடைக்கும் முளை என்று பொருள். மற்றது பிரெஞ்சு வழியாக வந்தது, மெல்லத் தட்டுவது. தண்ணீர்க் குழாய், ரப்பர் மரத்தில் பால் எடுப்பது, தொலைபேசியை ஒட்டுக்கேட்பது, வயிற்றில் கோத்த நீரை ஊசியால் எடுப்பது எல்லாம் முளையின் வம்சம். ‘டேப் ரூட்’டும் அப்படித்தான். அதை நாம் ஆணிவேர் என்கிறோம்; அவர்கள் முளையைப் பார்த்த இடத்தில் நாம் ஆணியைப் பார்த்திருக்கிறோம். தோளில் தட்டுவதும் திரையில் தட்டுவதும் அட்டையை வைப்பதும் பிரெஞ்சுப் பக்கம்.

இதில் ஒரு வேடிக்கை. முளை வந்தது அடைப்பதற்கு. அது வினைச்சொல் ஆனதும் பொருள் தலைகீழாகி, துளையிட்டுத் திறந்துவிடுவது என்று ஆயிற்று. எதிர்ச்சொல்லைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிற சொல்லுக்கு ஒரே ஒரு தமிழ்ச்சொல்லை எப்படிக் கட்டுவது?

தவிர, பெரும்பாலான இடங்களில் நமக்குச் சொல் தேட வேண்டிய தேவையே இல்லை. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. மரம் சாகாமல் பட்டையை மீன்முள் வடிவில் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பின்னாளில் இங்கே பூங்கா இயக்குநராக இருந்த ரிட்லி உருவாக்கினார். அந்த வேலையைத் தோட்டம் தோட்டமாகச் செய்த நம் ஆட்கள் ‘டேப்பிங்’குக்குத் தமிழ் என்ன என்று யாரையும் கேட்கவில்லை. ‘பால் வெட்டு’ என்றார்கள், முடிந்தது. பனைமரத்தில் ஏறியவர் அதற்கும் முன்பே பாளையைச் சீவிக் கள் இறக்கிக்கொண்டிருந்தார். இரும்புத் துளைக்குள் திருகுக்குப் புரி வெட்டும் டேப்புக்கு மரை போடுவது என்று சொல் இருக்கிறது. (கப்பல் பட்டறையில் கேட்டால் “டேப் போடு” என்றுதான் சொல்வார்கள், அது வேறு கதை.) சொல் இல்லாமல் நிற்பது அட்டை ஒன்றுதான்.

> தட்டு என்பதில் என்ன குறை? கைப்பேசித் தமிழில் ‘தட்டவும்’ என்றுதானே வருகிறது?

வருகிறது. திரைக்கு அது நிலைத்துவிட்டது, அதில் கைவைக்க எனக்கு விருப்பமில்லை. விரலால் திரையைத் தட்டினால் வேலை நடக்கும். அட்டையைத் தட்டினால் பல நேரம் நடக்காது. காலை நேரத்து 65ஆம் எண் பேருந்தின் வாசலில் நின்று பாருங்கள். அவசரத்தில் அட்டையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்கிறவர்களுக்குக் கருவி சிவப்பு விளக்கைக் காட்டும், திரும்பி வர வேண்டும். நிதானமாக வைத்து, ஒலி வந்ததும் எடுக்கிறவர்கள் நேரே உள்ளே போய்விடுவார்கள். தாள் எழுதுவதே முதியவர்களுக்கு அந்த நிதானத்தைச் சொல்லிக் கொடுக்கத்தான். இறங்கும்போது அட்டை பதிவாகாவிட்டால் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2010 முதல் மொத்தப் பயணத் தூரத்தை வைத்துத்தான் கட்டணம். சொல் தவறினால் காசு போகும்.

1990இல் வந்த காந்த அட்டையைக் கருவியின் வாயில் சொருக வேண்டியிருந்தது. அப்போது சிக்கலே இல்லை, ‘சொருகு’ என்று எல்லோரும் சொன்னோம். 2002இல், கருவியின்மேல் வைத்தாலே போதும் என்கிற ஈசிலிங்க் அட்டை வந்தபிறகுதான் தமிழ் திண்டாட ஆரம்பித்தது.

> தொடு. எளிமை. நாங்கள் ஈப்போவில் அப்படித்தான் சொல்கிறோம்.

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் வங்கிக்காரர்கள் இதே தொழில்நுட்பத்தைத் ‘தொடாமல் கட்டணம் செலுத்தும் முறை’ என்று எழுதுகிறார்கள். 13.56 மெகாஹெர்ட்ஸ் அலை, சில சென்டிமீட்டர் தூரத்திலேயே பேசிக்கொள்ளும், உண்மையில் உரச வேண்டியதில்லை. தாளின் மேல்பாதியில் ‘தொடாமல் செலுத்துங்கள்’, கீழ்ப்பாதியில் ‘தொடுங்கள்’ என்று இருந்தால் எந்தப் பாட்டியும் என்னைக் கேள்வி கேட்பார். ‘தீண்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தீண்டியது என்றால் பாம்பு, தீண்டாமை என்றால் நமக்குத் தெரிந்த கொடுமை. பேருந்து வாசலில் இரண்டும் வேண்டாம்.

சரி, ஒற்று. இது நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. அன்றைக்குப் பத்து வெள்ளிக் களேபரம் முடிந்ததும், அத்தை அட்டையைக் கருவியின்மேல் பதமாக வைத்தார். ஒலி வந்தது. எடுத்தவர், கை பழக்கத்தில் அந்த அட்டையை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு உள்ளே போனார். நாளின் முதல் காசையும் கோயில் குங்குமப் பொட்டலத்தையும் அப்படித்தான் வாங்குவார். கருவியில் வைத்ததும் கண்ணில் வைத்ததும் ஒரே அசைவு. தேக்கா நிறுத்தம் வந்து சேரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டுவது வலிக்கும். தட்டுவதில் ஓசை உண்டு, கை உடனே திரும்பிவிடும். வருடுவதில் கை நகரும். தொடுவதில் எவ்வளவு நேரம் என்ற கணக்கு இல்லை. ஒற்றுவதில்தான் வைப்பது, ஒரு கணம் இருப்பது, எடுப்பது மூன்றும் இருக்கின்றன. ஒற்றடம் கொடுத்தவர்களுக்குத் தெரியும். மை காயாத தாளின்மேல் மை உறிஞ்சும் தாளை வைத்து ஒற்றியவர்களுக்கும் தெரியும்; இழுத்தால் எழுத்து கலைந்துவிடும். ஒற்றுவதும் தொடுவதுதானே என்று என்னையும் மடக்கலாம். ஆமாம். ஆனால் ‘தொடாமல் ஒற்று’ என்பது ‘தொடாமல் தொடு’ அளவுக்குக் காதில் இடிக்கவில்லை.

> ஒற்று என்றால் வேவு. திருக்குறளில் 59ஆம் அதிகாரமே ஒற்றாடல். மக்கள் வேறு மாதிரி நினைக்க மாட்டார்களா?

நினைத்தால் நினைக்கட்டும், அக்கா! எந்த நிறுத்தத்தில் ஏறினேன், எங்கே இறங்கினேன், அடுத்த பேருந்துக்கு மாற 45 நிமிடத்துக்குமேல் எடுத்துக்கொண்டேனா என்று அத்தனையும் அந்தக் கருவிக்குத் தெரியும். வேடிக்கையை விடுங்கள், ஆங்கில டேப்பிலும் தட்டுவதும் ஒட்டுக்கேட்பதும் ஒரே கூரைக்கீழ் இருக்கின்றன. அங்கே அது இரண்டு வேர்களின் தற்செயல். இருந்தும் கார்டை டேப் பண்ணும்போது யாரும் உளவுத்துறையை நினைப்பதில்லை. மாணவர்கள் வல்லின ஒற்று மிகும் இடத்தை நினைத்து நடுங்குவார்கள் என்பது வேண்டுமானால் உண்மை.

தனிமடலில் இளையர் ஒருவர் சொன்ன காரணம் இதைவிடக் கனமானது. காற்று காத்தாவதுபோல் ஒற்று பேச்சில் ஒத்தாகிவிடும். குறிலை யாராவது நெடிலாக இழுத்துவிட்டால் பள்ளிப் பேருந்தே சிரிக்கும். தம்பி சொல்வது சரி. எனக்கும் முதலில் தோன்றி, எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். அதனால் தனி ‘ஒற்று’ வேண்டாம், ‘ஒற்றியெடு’ என்று சேர்த்தே வைக்கலாம். ஏவலாக வரும்போது வாய்க்கும் சிக்கல் இல்லை, வைத்தபிறகு எடுக்கச் சொல்வதும் அதிலேயே வந்துவிடுகிறது.

‘இன்’, ‘அவுட்’ இரண்டையும் எதிர்ச்சொல்லாக மொழிபெயர்க்க முயன்றவர்கள் உள்ளொற்று, வெளியொற்று என்றெல்லாம் போயிருக்கிறார்கள். வேண்டாமே. செய்கிற வேலை இரண்டு தடவையும் ஒன்றுதான், ஏறுவதும் இறங்குவதும்தான் எதிர். தாளில் இப்படிப் போட்டிருக்கிறேன்:

ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை அட்டையைக் கருவியில் ஒற்றி எடுங்கள்.

ஆங்கிலத்தைவிட நீளம்தான். பெட்டிக்குள் அடக்க எழுத்தை ஒரு அளவு சிறிதாக்க வேண்டியிருக்கும். முதியோர் தாளில் அதைச் செய்ய மனமில்லை, படத்தைச் சுருக்கச் சொல்லியிருக்கிறேன். வைக்கும் இடத்துக்கு ‘ஒற்றுப்பலகை’ என்று இழையில் வந்த சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இந்தத் தாளுக்குக் ‘கருவி’ போதும்.

நேற்று இரவு அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். “புரியுது. ஆனா எந்தப் பக்கத்த வைக்கணும்னு போடலையே?” என்றார். எந்தப் பக்கம் வைத்தாலும் வேலை செய்யும் என்று இன்னொரு வரி சேர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாற்றம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
தேக்காவிலிருந்து