அவசரம்: மார்க்கர் டெக்ஸ்ட் ஃபைலாக வர மாட்டேன் என்கிறது

கேசட்வீடு, இரவு 8.47
வணக்கம். பழைய கேசட் ஒன்றைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு உருப்படியும் தொடங்கும் இடத்தில் மார்க்கர் போட்டு, பெயரையும் தமிழிலேயே அடித்து வைத்திருக்கிறேன். மொத்தம் 14. இப்போது இதை டெக்ஸ்ட் ஃபைலாக எடுக்க வேண்டும். எக்ஸ்போர்ட் மங்கிக் கிடக்கிறது, அழுத்தினாலும் அசையவில்லை. நாளைக் காலைக்குள் பதிவேற்றியாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒலிப்பட்டறை, 8.55
எந்த மென்பொருள்?

பூனைக்குட்டி, 8.56
விண்டோஸா, மேக்கா? எந்தப் பதிப்பு?

ரீப்பர்பித்தன், 9.03
எதுவாக இருந்தாலும் ரீப்பர் மென்பொருளுக்கு மாறிவிடுங்கள். ரீஜன் மார்க்கர் மேனேஜரைத் திறந்து ரைட் கிளிக் செய்தால் சிஎஸ்வி ஆக, அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த பட்டியலாக, எழுதித் தரும். வரிசை எண், பெயர், நேரம் எல்லாம் இருக்கும். மேலே நேரம் காட்டும் ரூலரை மட்டும் நிமிடம், விநாடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நேரத்துக்குப் பதில் தாளக் கணக்கில் எண் வரும். நான் ஒருமுறை மாட்டியிருக்கிறேன்.

நாட்டாமை64, 9.10
கேள்வி கேட்க ஒரு முறை இருக்கிறது. மென்பொருளின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘அவசரம்’ என்று தலைப்புப் போடுவது இப்போது பழக்கமாகிவிட்டது. மார்க்கர் என்று சொல்வதைப் பார்த்தால் அடோபி ஆடிஷனாகத்தான் இருக்கும். அதில் மார்க்கர் பட்டியலில் வரிகளைத் தேர்ந்தெடுத்தால்தான் ஏற்றுமதி ஆகும். தேர்ந்தெடுக்காமல் அழுத்தினால் எதுவும் வராது. வருகிற ஃபைலுக்குப் பெயர்தான் சிஎஸ்வி, உள்ளே காற்புள்ளி இருக்காது, டேப் இருக்கும். இதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது.

கேசட்வீடு, 9.14
ஆடிஷன் இல்லை சார், ஆடாசிட்டி. எல்லோரும் அதைத்தானே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். விண்டோஸ்.

நாட்டாமை64, 9.17
ஆடாசிட்டியில் மார்க்கர் என்று ஒன்றே கிடையாது. லேபிள் என்றுதான் பெயர். நீங்கள் ஒலித்துண்டுகளுக்குப் பெயர் மாற்றி வைத்திருப்பீர்கள். அது ஏற்றுமதி ஆகாது. முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

கேசட்வீடு, 9.19
லேபிள்தான் சார். கன்ட்ரோல் பி அழுத்திப் போட்டேன். அலைக்குக் கீழே தனி டிராக்காக 14-ம் தெரிகிறது. முதலிலிருந்து என்றால் இன்றைக்கு முடியாது.

பூனைக்குட்டி, 9.22
ஒரு சின்னச் சந்தேகம். பாஸ் அழுத்தி வைத்திருக்கிறீர்களா? ஆடாசிட்டியில் ஒலி ஓடும்போதும் பாஸில் நிற்கும்போதும் பாதி மெனு மங்கிவிடும். ஸ்டாப் அழுத்திவிட்டுப் பாருங்கள்.

நாட்டாமை64, 9.24
அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்க வாய்ப்பில்லை. பதிப்பு எண் என்ன?

சுருதிப்பெட்டி, 9.31
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்ன கேசட் அது? பழைய கேசட் என்றால் லேபிள் போடுவதற்கு முன்னால் வேகத்தைச் சரி பார்த்தீர்களா?

கேசட்வீடு, 9.38
பாஸ்தான்!!! ஸ்டாப் அழுத்தினேன், எக்ஸ்போர்ட் உயிர் பெற்றது. பூனைக்குட்டிக்குக் கோடி நன்றி. ஆனால் ஃபைலைத் திறந்தால் 754.320000 என்று ஏதோ எண்கள், அதே எண் இரண்டு தடவை. எக்செல்லில் திறந்தால் தமிழ் எல்லாம் கொம்பு முளைத்த ஆங்கில ‘a’ எழுத்தும் ® என்கிற பதிவுக்குறியுமாகத் தெரிகிறது. 12:34 என்கிற மாதிரி வேண்டும், யூடியூப் விளக்கத்தில் போட. கேசட் கோயில் திருவிழா நாகஸ்வரக் கச்சேரி. அப்பா பதிவு செய்தது, 90 நிமிடம்.

ஒலிப்பட்டறை, 9.50
ஃபைல் சரியாகத்தான் வந்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் தொடக்கம், முடிவு, பெயர் என்று மூன்று; நடுவே டேப். நீங்கள் ஒரு புள்ளியில் லேபிள் போட்டதால் தொடக்கமும் முடிவும் ஒன்றே. எண் முழுவதும் விநாடிக் கணக்கு. 754.32 என்றால் 12 நிமிடம் 34 விநாடி, கொஞ்சம் கூட.
தமிழ் கெட்டுப்போகவில்லை. ஃபைல் யுடிஎஃப் 8 என்கிற எழுத்து முறையில் இருக்கிறது, எக்செல் வேறு எதுவோ என்று நினைத்துத் திறக்கிறது. ஃபைலை இருமுறை தட்டித் திறக்காமல், எக்செல்லுக்குள் போய் டேட்டா பகுதியில் டெக்ஸ்டிலிருந்து எடு என்பதைத் தேர்ந்தெடுத்து, எழுத்து முறையில் 65001 என்பதைப் பிடியுங்கள், அதுதான் யுடிஎஃப் 8. லிப்ரே ஆபிஸ் கால்க் என்றால், டெக்ஸ்ட் சிஎஸ்வி வகையாகத் திறக்கும்போது அதுவே எழுத்து முறையைக் கேட்கும்.
அப்புறம் விநாடியை 86400-ஆல் வகுங்கள். ஒரு நாளைக்கு அத்தனை விநாடி. எக்செல்லுக்கு நேரம் என்பது நாளின் பின்னம். வந்த கட்டத்துக்கு நேர வடிவத்தில் 13:30:55 என்று காட்டுவதைத் தேர்ந்தெடுத்தால் 0:12:34 என்று வந்துவிடும். நேரம், பெயர் இரண்டையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள்.

சுருதிப்பெட்டி, 9.58
நாகஸ்வரமா! அப்படியானால் கண்டிப்பாகக் கேட்கிறேன். சுருதி எந்தக் கட்டையில், அதாவது எந்த உயரத்தில், நிற்கிறது? தம்பூரா செயலி ஏதாவது இருந்தால் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

கேசட்வீடு, 10.06
இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே எங்கேயோ நிற்கிறது. அது முக்கியமா?

சுருதிப்பெட்டி, 10.13
முக்கியம்தான். பாரி, அதாவது நீளமான நாகஸ்வரம், வழக்கமாக இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். உங்கள் கேசட் டெக் வேகமாக ஓடியிருக்கிறது. அரைக்கட்டை என்பது வேகத்தில் ஏறக்குறைய 6 சதவீதம். நடுவே நிற்கிறது என்றால் 3 சதவீதம். 45 நிமிடப் பக்கத்தில் அது 81 விநாடி! இப்போதுள்ள லேபிளை வைத்துக்கொண்டு பிறகு வேகத்தைக் குறைத்தால் கடைசி உருப்படி ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் தள்ளிப் போய்விடும்.

நாட்டாமை64, 10.18
திமிரி என்கிற குட்டை நாகஸ்வரமாகவும் இருக்கலாம். பதிவு செய்த டெக்கே மெதுவாக ஓடியிருக்கலாம். பேட்டரியில் பதிவு செய்திருந்தால் தொடக்கத்தில் ஒரு வேகம், முடிவில் ஒரு வேகம். இதில் 3 சதவீதம் என்று ஒரே எண்ணை எடுத்துப் பெருக்குவது விளையாட்டு.

சுருதிப்பெட்டி, 10.22
திமிரி இன்னும் உயரத்தில் இருக்கும், நாலைத் தாண்டும். மூன்றுக்கு முன்னால் நின்று அது என்ன செய்யும்? பேட்டரி விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இரண்டு பக்கத்துக்கும் முன், நடு, பின் என மூன்று இடத்தில் சுருதி பார்க்கச் சொல்வது.

ரீப்பர்பித்தன், 10.25
ரீப்பரில் பிளேரேட்டை, அதாவது ஓடும் வேகத்தை, மாற்றினால் போதும்.

நாட்டாமை64, 10.27
இங்கே யாரும் ரீப்பரைப் பற்றிக் கேட்கவில்லை.

பூனைக்குட்டி, 10.31
கேசட்வீடு, இவர்கள் பேசுவதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிள் போட்ட பிறகு தொடக்கத்தில் உள்ள இரைச்சலையோ கேசட் திருப்பிய இடைவெளியையோ வெட்டினால், சிங்க் லாக் (டிராக்குகளைச் சேர்த்து நகர்த்தும் வசதி) போடாவிட்டால் லேபிள்கள் இருந்த இடத்திலேயே நிற்கும், ஒலி மட்டும் நகரும். வெட்டுவது என்றால் அதைப் போட்டுவிட்டு வெட்டுங்கள். வேகத்தை மாற்றினீர்கள் என்றால் எக்செல்லில் விநாடிக் கட்டத்தை 1.03-ஆல் பெருக்கிவிட்டு 86400-ஆல் வகுத்தால் சரியாகிவிடும். மறுபடி லேபிள் போட வேண்டாம்.

சுருதிப்பெட்டி, 10.34
அதையேதான் சொல்ல வந்தேன்.

நாட்டாமை64, 10.36
சொல்லவில்லையே.

கேசட்வீடு, காலை 6.20
எக்செல் வேலை செய்தது, தமிழும் தெரிகிறது. ஆனால் யூடியூப் விளக்கத்தில் 14 வரியும் போட்டும் வீடியோவுக்குக் கீழே ஓடும் கோட்டில் பிரிவுகள் வரவில்லை. முதல் வரி 0:00:07, தவில் ஆரம்பிக்கும் இடம்.

ஒலிப்பட்டறை, 6.41
முதல் வரி 0:00 ஆக இருந்தே ஆக வேண்டும். குறைந்தது மூன்று நேரங்கள், ஏறு வரிசையில், ஒவ்வொரு பிரிவும் 10 விநாடிக்குக் குறையாமல். 7-ஐ 0 ஆக்குங்கள், போதும்.

கேசட்வீடு, 6.58
வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

சுருதிப்பெட்டி, 7.15
மகிழ்ச்சி. வேகத்தைச் சரி செய்தீர்களா, அப்படியே ஏற்றிவிட்டீர்களா?

சுருதிப்பெட்டி, மறுநாள் இரவு 9.02
இருக்கிறீர்களா? வாசித்தவர் யார் என்றாவது சொல்லுங்கள்.