எல்லாரும் ‘சரி’ என்கிறார்கள், மாத்திரை மட்டும் உள்ளே போவதில்லை

கேள்வி (செவிலியர், பழைய வண்ணாரப்பேட்டை):
வணக்கம். எங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெலுங்கு, உருது பேசும் குடும்பங்கள், சௌகார்பேட்டைச் சமணர்கள், அண்மைக்காலமாக பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் எனப் பலதரப்பினரும் வருகிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்தால் ஒருவரும் மறுப்பதில்லை. அடுத்த மாதம் சோதித்தால் அளவு குறைந்திருப்பதும் இல்லை. கடிந்துகொள்ளாமல், உள்ளதை அவர்களே சொல்லும்படி பேசுவது எப்படி?

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர், ராயபுரம்):
‘மாத்திரை போட்டீர்களா’ என்று கேட்டால் ‘போட்டேன்’ என்றுதான் பதில் வரும், சகோதரி. நேற்று எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பொழுது சாய்ந்தபின் உண்ணாத சமணரிடம் ‘இரவு சாப்பாட்டுக்குப் பின்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், அவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு அந்த வேளையை விட்டுவிடுவார். மாலை உணவோடு போடலாமா என்று மருத்துவரிடம் அவர் முன்னிலையிலேயே கேட்டுச் சொல்லுங்கள். ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே நோன்பு வைப்பதாக இருக்கிறார்களா என்று விசாரித்தால், சஹருக்கும் (விடியலுக்கு முந்தைய உணவு) இஃப்தாருக்கும் (நோன்பு திறக்கும் மாலை உணவு) ஏற்ப மருந்தை மாற்றி எழுத மருத்துவருக்கு அவகாசம் கிடைக்கும். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை உடனே முறித்தாக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். நோயாளிக்குக் குர்ஆனிலேயே சலுகை உண்டு என்றாலும், அதை நம் வாயால் கேட்பதைவிடப் பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிக் கேட்பதையே அவர்கள் விரும்புவார்கள்; அதில் நாம் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பதில் (காசநோய்ப் பிரிவு ஊழியர், எண்ணூர்):
காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், இரத்தம் போகிறது என்று பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். வெளிமாநிலத் தொழிலாளரிடம் நான் முதலில் கேட்பது, அடுத்து எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்பதுதான். சிகிச்சை குறைந்தது 6 மாதம். இடையில் ஊருக்குப் போனாலும், அரசின் காசநோய்ப் பதிவேட்டில் தரப்படும் நிக்‌ஷய் எண்ணைக் கொண்டு அங்கேயே மருந்து வாங்கலாம் என்று தெரிந்தால், பயணத்தை நம்மிடம் மறைக்க மாட்டார்கள்.

பதில் (மருத்துவர், பெரம்பூர்):
நோய் எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், எதற்கு அதிகம் அஞ்சுகிறீர்கள் என்று நோயாளியிடமே கேட்கும் முறையை அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மேனும் அவருடைய சகாக்களும் 1978இலேயே வலியுறுத்தினார்கள். புறநோயாளிப் பிரிவின் நெரிசலிலும் அதில் ஒரு கேள்வியையாவது கேட்டுவிடலாம். பள்ளிப் பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மகன் எதிரில் எந்தத் தாய் வெள்ளைப்படுதலைப் பற்றிப் பேசுவார்? அதே மொழி தெரிந்த ஊழியரைத் தொலைபேசியிலாவது அழையுங்கள். கடைசியில், மருந்தை எப்போது எப்படிச் சாப்பிடப் போகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள்.