இல்லைட் முகட்டைப் பார்த்து மலை பட்ட சூட்டைச் சொல்ல முடியுமா?

மண்துகள்:
களிப்பாறையை உடைத்து நீரில் கலக்கி, 2 மைக்ரானுக்கும் சிறிய துகளை மட்டும் கண்ணாடித் தகட்டில் காயவைத்து எக்ஸ்-கதிர் அடித்தால், இல்லைட் என்ற களிமண் கனிமத்தின் 10 ஆங்ஸ்ட்ராம் முகடு (அதன் அடுக்குகளின் இடைவெளியைக் காட்டும், வரைபடத்தின் கூர்முனை) கிடைக்கும். பாதி உயரத்தில் அதன் அகலம்தான் க்யூப்ளர் குறியீடு. 0.42 பாகைக்கு மேல் என்றால் பாறை அதிகம் சூடாகவில்லை, 0.25க்குக் கீழே என்றால் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். மலைத்தொடருக்கு இதைவிட எளிய வெப்பமானி இருந்தால் சொல்லுங்கள்.

பாறைச்சுத்தி:
எளிது, சரி. வெப்பமானி என்பதுதான் இடிக்கிறது. ஸ்மெக்டைட் என்ற இன்னொரு களிக்கனிமம் சூட்டில் இல்லைட்டாக மாறப் பொட்டாசியம் வேண்டும், நீர் வேண்டும், காலமும் வேண்டும். பொட்டாசியம் வரத்து நின்றுபோனால் சூடு ஏறினாலும் மாற்றம் நொண்டும். வினை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத்தான் குறியீடு சொல்கிறது. இன்னொன்று, ஒருமுறை நான் மாதிரியை அரைவை எந்திரத்தில் விட்டுவிட்டு வேறு வேலையில் மறந்துபோனேன். முகடு அகன்று, நன்றாகச் சூடுபட்ட பாறை சூடே படாதது போல வந்தது! மலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனதெல்லாம் அரைவையில்.

மண்துகள்:
அது உங்கள் மறதி, குறியீட்டின் தலையில் கட்டாதீர்கள். சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் உந்துபிளவை, அதாவது ஒரு பாறைத்தொகுதி இன்னொன்றின் மேல் தள்ளப்பட்ட பிளவைப் பாருங்கள். பெர்மியன் கால வெருகானோ பாறை, தன்னைவிட மிக இளைய ஃப்ளிஷ் என்ற கடல்வண்டல் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆழம் கூடினால் சூடு கூட வேண்டும். அங்கே மேலே இருப்பதுதான் அதிகம் சூடுபட்டது என்கிறது இல்லைட். அப்படியானால் பாறை சூடான பிறகும் பிளவு நகர்ந்திருக்கிறது. ஒரு முகட்டின் அகலம் இவ்வளவு சொன்னால் போதாதா?

பாறைச்சுத்தி:
கிளாரஸ் நல்ல உதாரணம்தான், ஆனால் எனக்குச் சாதகமான உதாரணம். அங்கே மேலும் கீழும் ஒப்பிட்டீர்கள், அவ்வளவே; டிகிரிக் கணக்கு எங்கே வந்தது? அப்புறம், ஆறு அடித்து வந்த பழைய மைக்கா (அபிரகம்; இதன் முகடும் இல்லைட்டின் இடத்திலேயே விழும்) கலந்திருந்தால் முகடு ஒல்லியாகி, பாறையைச் சூடுபட்டதாகக் காட்டிவிடும். அந்தச் சூடு வேறு மலையுடையது.

வண்டல்:
நடுவில் வருகிறேன். படிக அடுக்குகள் அடுக்கப்பட்ட விதத்தை வைத்து வகை பிரிக்கலாம். பழைய மைக்கா பெரும்பாலும் 2எம்1 வகை, பருமனான துகளில் அதிகம். குறைந்த சூட்டில் பிளவுக்களியில் (பிளவு நகரும்போது அரைபட்டு உண்டாகும் களியில்) புதிதாக வளரும் இல்லைட் 1எம்டி வகை, நுண்துகளில் அதிகம். ஒரே மாதிரியை மூன்று அளவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொட்டாசியம்-ஆர்கான் வயது (கதிரியக்கப் பொட்டாசியம் ஆர்கானாகச் சிதைந்த அளவை வைத்துக் கணக்கிடும் வயது) எடுங்கள். பழைய மைக்காவின் பங்கு குறையக் குறைய வயதும் குறையும். பங்கையும் வயதையும் கோடாக வரைந்து, பழைய மைக்காவின் பங்கு பூஜ்யமாகும் வரை நீட்டினால் புது இல்லைட் வளர்ந்த காலம், அதாவது பிளவு நகர்ந்த காலம், கிடைக்கும். தொல்லை தரும் கலப்படமே இங்கே பயன்படுகிறது.

மண்துகள்:
அதுவும் களிமண் கொடுத்த விடைதானே! சரி, 'வெப்பமானி' என்ற சொல்லை மட்டும் வாபஸ் வாங்குகிறேன். டிகிரிக்கு விட்ரினைட் எதிரொளிப்பையும் (சூடு ஏற ஏறப் பாறையிலுள்ள கரிந்த தாவரத் துகள் ஒளியை அதிகம் திருப்பும் அளவையும்) பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பாறைச்சுத்தி:
வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடம் வந்தால் இங்கே போடுங்கள், எனக்கு அதுதான் வேண்டும். கூடவே எத்தனை நிமிடம் அரைத்தீர்கள் என்பதையும்.