மெஸ்கால்: மண்பானையில வடிச்சதுக்கு மூணு மடங்கு விலை ஏன்?

பாபு_கிழக்குத்தெரு:
வணக்கம் மக்களே, நான் வேலைக்காக மெக்சிகோவுல குவாடலஹாரால இருக்கேன், போன வாரம் வஹாக்கா மாநிலத்துப் பக்கம் போயிருந்தப்ப ஒரு கடையில ரெண்டு மெஸ்கால் (கற்றாழையிலேருந்து வடிக்கிற சரக்கு) பாட்டில் பாத்தேன், ரெண்டுமே எஸ்பதீன்ங்கற வகை கற்றாழைதான் (சோத்துக்கற்றாழை இல்ல, அகாவே), ஆனா 'அன்செஸ்ட்ரால்'னு (முன்னோர் முறை) போட்டிருந்தது மட்டும் மூணு மடங்கு விலை. கடைக்காரம்மா இது எங்க சித்தப்பா குடும்பம் மண்பானையில இறக்குனதுன்னாங்க. நெசமாவே அவ்ளோ வித்தியாசம் இருக்கா? டெக்கீலாவும் இதுவும் ஒண்ணு இல்லையா?

செல்வி_மண்வாசம்:
தம்பி, டெக்கீலாவுக்கு கற்றாழைன்னா நீலக் கற்றாழை ஒண்ணைத்தான் போடணும், மெஸ்காலுக்கு பல வகை கற்றாழை உண்டு. நம்மூர்ல வேலிக்கு நிக்குற ஆனைக்கற்றாழையும் அந்தச் சாதிதான், மெக்சிகோ பக்கத்துலேருந்து வந்ததுதான்.

நான் வஹாக்காவுல சாந்தா கத்தரீனா மீனாஸ்ங்கற ஊர்ல ஒரு குடும்பத்தோட பத்து நாள் இருந்தேன். மடலை எல்லாம் சீவிட்டு நடுக்கிழங்க மட்டும் எடுத்து, குழி வெட்டி விறகு போட்டு மேல கல்லை அடுக்கி, கல்லு பழுக்குற மாதிரி ஆனப்புறம் கிழங்க அடுக்கி மண்ணப் போட்டு மூடிடுறாங்க, மூணு நாலு நாள் உள்ளயே வேகுது, அந்தப் புகை வாசம் அங்கதான் ஏறுது. வெந்தத ரெண்டு பேர் மரச் சம்மட்டியால இடிக்கிறாங்க (மத்த ஊர்கள்ல குதிரை இழுக்குற கல் செக்கு). அப்புறம் நாரோட சேத்து மரத்தொட்டியில ஊறல், ஈஸ்ட்டுன்னு தனியா எதுவும் போடுறதில்ல, காத்துல இருக்குறதே வேலை பாக்குது. வடிக்கிறது சின்னச் சின்ன மண்பானையில, மேல செம்புச் சட்டியில பச்சைத்தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும், ராத்திரியெல்லாம் ஒருத்தர் அடுப்புகிட்டயே உக்காந்திருப்பாரு. ரெண்டு தடவை வடிக்கணும்.

எனக்கு மறக்கவே முடியாதது பதம் பாக்குறதுதான். பெரியவர் ஒரு நாணல் குழாய்ல உறிஞ்சி குடுக்கையில ஊத்துவாரு, நுரை முத்து முத்தா எழும்பும். சரக்கு ரொம்ப காட்டமா இருந்தாலும் முத்து நிக்காது, நீர்த்துப் போனாலும் நிக்காது, ஆல்கஹால் ஏறக்குறைய 45லேருந்து 55 சதவீதத்துக்குள்ள இருந்தாதான் நிக்கும். பதம் கூடக்குறைய இருந்தா தண்ணி ஊத்த மாட்டாரு, மொதல்ல இறங்குனதையும் கடைசியா இறங்குனதையும் கலந்தே சரி பண்ணுவாரு. பேரனுக்கு வயசு பதினாறு, முத்து எவ்ளோ நேரம் நிக்குதுன்னு பக்கத்துலயே நின்னு பாத்துட்டே இருப்பான், அவனுக்கு வாயால யாரும் சொல்லிக் குடுத்து நான் பாக்கல.

ரவி_தேனி:
அக்கா சொன்னதுல செடி கணக்கையும் சேத்துக்கோங்க. எஸ்பதீன் வெளைய ஏழெட்டு வருசம் ஆகும், தோபலாங்கற வகைக்கு பத்து வருசத்துக்கு மேல, தெபெஸ்தாத்தேங்கற வகைக்கு இருபது இருபத்தஞ்சு வருசம் கூட ஆகும். கற்றாழை வாழ்நாள்ல ஒரே ஒரு தடவைதான் பூக்கும், பூத்தா செத்துடும், அதனால சர்க்கரை கிழங்குலயே நிக்கட்டும்னு பூத்தண்டு வந்ததும் வெட்டிடுறாங்க. எல்லாத்தையும் வெட்டிட்டா விதை ஏது, பூவுல தேன் குடிக்கிற வௌவாலுக்குச் சாப்பாடு ஏது? விவரமான குடும்பங்க கொஞ்சத்தைப் பூக்க விட்டு விதை எடுத்து நாத்து விடுறாங்க. தாத்தா நட்டதத்தான் பேரன் வெட்டுறான், அந்த விலைய எப்படிப் போடுறது சொல்லுங்க.

பாபு_கிழக்குத்தெரு:
ரொம்ப நன்றி அக்கா, ரவி அண்ணே. அப்ப லேபிள்ல என்ன பாத்து வாங்கணும்?

செல்வி_மண்வாசம்:
2017ல வந்த விதிப்படி மூணு ரகம். வெறும் 'மெஸ்கால்'னு இருந்தா ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்துல வேக வைக்கிற கலன்), பெரிய மெஷின் எல்லாம் வச்சுக்கலாம். 'ஆர்த்தெசனால்'னா (கைவினை முறை) குழியிலயோ சூளையிலயோ சுட்டு, செம்பு வாலையில நேரடித் தீ வச்சு வடிக்கலாம். 'அன்செஸ்ட்ரால்'னா குழியும் மண்பானையும் கட்டாயம். ஆனா சர்டிபிகேட் எடுக்கச் செலவு ஆகுதுன்னு நல்லா வடிக்கிற எத்தனையோ குடும்பங்க மெஸ்கால்ங்கற பேரே போட முடியாம 'தெஸ்திலாதோ தே அகாவே'ன்னு (கற்றாழையில வடிச்ச சரக்குன்னு அர்த்தம்) விக்கிறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். அதனால ரகத்தை மட்டும் பாக்காத தம்பி, ஊர் பேரு, கற்றாழை பேரு, வடிச்சவர் பேரு, எத்தனை லிட்டர் வடிச்சாங்கன்னு நாலும் போட்டிருக்கான்னு பாரு. அந்தக் கடைக்காரம்மாகிட்டயே சித்தப்பா பேரு, ஊரு கேளு, முடிஞ்சா அடுத்த தடவை நேரா அவங்க வடிக்கிற இடமான பாலென்கேவுக்கே போய் வாங்கு, காசு நடுவுல எங்கயும் நிக்காம அவங்க கைக்குப் போகும்.