கலைச்சொல் உதவி: டிஸ்பிளேஸ்டு திரெஷோல்டு

பயிற்சி விமானிகளுக்கான தரைப்பாடக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே சொல் இடிக்கிறது. இறங்கி வரும் வழியில் மரமோ கட்டடமோ குறுக்கிட்டால், இறங்கத் தொடங்கும் இடத்தை ஓடுபாதையின் நுனியிலிருந்து உள்ளே நகர்த்தி வைக்கிறார்களே, அதுதான். அதுவரை நடுக்கோட்டில் வெள்ளை அம்புகள். பிறகு குறுக்கே வெள்ளைப் பட்டை. ‘இடம்பெயர்ந்த வாயில்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– க.

> இடம்பெயர்ந்த வாயில்

பெயர்ந்த என்பது தன்வினை. வாயில் தானாக எழுந்து நடக்கவில்லை, அளந்து நகர்த்தினார்கள். ‘பெயர்த்த’ என்று பிறவினையாக்குங்கள். திரெஷோல்டு என்றால் வாசற்படிதானே? ‘தள்ளுபடி’ என்று கச்சிதமாக ஒரு சொல் கையிலேயே இருக்கிறது!
– ந.

ந. ஐயா, தள்ளுபடி என்றால் வகுப்பு சிரித்தே முடிந்துவிடும். சொல் எதுவானாலும் பொருள் பிசகக் கூடாது. அம்புப் பகுதியில் இறங்கத்தான் தடை. டாக்சி செய்யலாம் (தரையில் ஊர்ந்து போகலாம்), அங்கிருந்தே மேலெழும் ஓட்டத்தைத் தொடங்கலாம், எதிர்முனையில் இறங்கியவர் ஓட்டத்தை அங்கே முடிக்கலாம். ஓடுபாதை 2,400 மீட்டர், வாயில் 300 மீட்டர் உள்ளே என்றால், இந்தப் பக்கமாக இறங்க 2,100 மீட்டர்தான். மேலெழ, வேறு கட்டுப்பாடு இல்லையென்றால், 2,400. மாணவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக் கணக்குச் செய்கிறார்கள்.

மஞ்சள் செவ்ரான் பட்டைகள் (V வடிவக் கோடுகள்) வேறு சங்கதி. அங்கே இறங்கவும் கூடாது, மேலெழவும் கூடாது, டாக்சியும் கூடாது. ‘தள்ளிய’, ‘ஒதுக்கிய’ என்றெல்லாம் போட்டால் அம்புப் பகுதியையும் அப்படியே நினைத்துக்கொள்வார்கள். இரவில் குழப்பம் குறைவு: இறங்கி வருபவருக்கு அம்புப் பகுதியின் ஓர விளக்குகள் சிவப்பாகத் தெரியும், பச்சை விளக்குகள் வாயிலைக் காட்டும்.
– த.

‘இல்வாய்’ முன்பின்னாக மாறி வாயில் ஆனது. ‘இல்முன்’ முன்றில் ஆனது. ஆகவே வாயிலுக்கு முன்னே கிடக்கும் அம்புப் பகுதிக்கு ‘முன்றில்’ என்றே பெயரிடலாம். அதுசரி, ‘டாக்சி’யை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்? ‘தரையூர்தல்’ எனலாமே.
– இ.

> முன்றில்

அழகான சொல்தான், இ. அம்மா. ஆனால் மஞ்சள் பட்டைப் பகுதியும் வாயிலுக்கு முன்னேதானே கிடக்கிறது? தரையூர்தலுக்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.
– த.

‘உள்நகர்த்திய இறங்குவாயில்’ எப்படி? எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை ‘உள்’ சொல்லிவிடும். கட்டுப்பாடு இறங்குவதற்கு மட்டும் என்பதை ‘இறங்கு’ சொல்லும்.
– க.

இறங்குவாயில் நல்ல வினைத்தொகை. தள்ளுபடியைத் தள்ளுபடி செய்கிறேன்.
– ந.

எனக்கும் சம்மதம். ஆனால் முதல்முறை வரும்போது ஆங்கிலச் சொல்லையும் தமிழெழுத்தில் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். வானொலியிலும் தேர்விலும் அதுதான் காதில் விழும், கண்ணில் படும்.
– த.

எனக்குச் சம்மதமில்லை. ‘உள்நகர்த்திய’ என்பது சொல்லா, விளக்கவுரையா? ‘பெயர்வாயில்’ போதும்.
– இ.

மூவர் சரி என்றதால் அப்படியே சேர்த்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி.
– க.

தாமதமாகப் பார்க்கிறேன். விமான நிலையத்தில் வாயில் என்றால் பயணிகள் விமானம் ஏறும் கேட் ஆயிற்றே! அதே கையேட்டில் விமான நிறுத்துமிடம் பற்றிய பாடத்தில் ‘வாயில் 5’ என்று வருகிறதா, பார்த்தீர்களா?
– ச.