கோபம், பயம், அழுகை: இத்தாலிய மொழியில் எந்த இறந்த காலம்?

கயல்: இத்தாலியக் குடியுரிமைக்கு 2018 முதல் பி1, அதாவது நடுத்தர அளவு மொழித் தேர்ச்சி, கேட்கிறார்கள், அதற்குப் படிக்கிறவர்கள் வீணாகக் குழம்ப வேண்டாம். உணர்ச்சி என்றால் இம்பெர்ஃபெத்தோ (நீடித்த நிலையைச் சொல்லும் இறந்த காலம்), செயல் என்றால் பாஸ்ஸாதோ ப்ரொஸ்ஸிமோ (நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்த காலம்), அவ்வளவுதான். 'ஏரோ த்ரிஸ்தே', வருத்தமாக இருந்தேன். 'அவேவோ பவூரா', பயமாக இருந்தது. முகம் வாடியிருந்ததா, அதற்கும் இம்பெர்ஃபெத்தோ.

முரளி: இந்தச் சூத்திரத்தைச் சொல்லியே ஆட்களைக் கெடுக்கிறீர்கள். நாய் திடீரென்று குரைத்தது, பயந்துவிட்டேன் என்பதற்கு 'அவேவோ பவூரா' போட்டால், நாய் வருவதற்கு முன்பே நடுங்கிக்கொண்டு நின்றீர்கள் என்று ஆகிவிடும். அங்கே 'ஓ அவூதோ பவூரா', இல்லாவிட்டால் 'மி சோனோ ஸ்பவெந்தாதோ'. அழுகையும் அப்படித்தான்: நான் உள்ளே போனபோது அழுதுகொண்டிருந்தாள் என்றால் 'பியாஞ்ஜேவா', என்னைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள் என்றால் 'சி ஏ மெஸ்ஸா ஆ பியாஞ்ஜெரெ'.

கயல்: அதெல்லாம் ஒரு நொடி விஷயம். ராத்திரி முழுக்கப் பயந்தேன் என்றால் இம்பெர்ஃபெத்தோதானே?

முரளி: அதுவும் கிடையாது! 'ஓ அவூதோ பவூரா துத்தா லா நோத்தே'. எவ்வளவு நேரம் என்று அளந்து சொல்லி முடித்தாகிவிட்டது, அதனால் ப்ரொஸ்ஸிமோ. சின்ன வயதில் இருட்டென்றாலே பயம் என்று சொன்னால்தான் 'அவேவோ'.

ரஞ்சன், பலெர்மோ: தம்பி சொல்வது சரி. ஆனால் இங்கே சிசிலியில் காலையில் நடந்ததற்கே பாஸ்ஸாதோ ரெமோதோ (எப்போதோ நடந்து முடிந்ததற்கான இறந்த காலம்) போட்டு 'ஸ்தமத்தீனா மி ஸ்பவெந்தாய்', இன்று காலை பயந்துவிட்டேன், என்பார்கள், வடக்கே மிலான் பக்கம் பேச்சில் அதைக் கேட்பதே அபூர்வம். இங்கே கேட்டுப் பழகியதைத் தேர்வில் எழுதிவிடாதீர்கள், ப்ரொஸ்ஸிமோதான் பாதுகாப்பு. இம்பெர்ஃபெத்தோ மட்டும் வடக்கு தெற்கு எங்கேயும் தன் இடத்தை விட்டு நகராது.

கயல்: சரி அண்ணா, விதிவிலக்கு இருக்கட்டும். புதிதாகப் படிக்கிறவருக்கு ஒரு பிடி வேண்டாமா? தேர்வில் எழுதச் சொல்வது சின்னக் கடிதம்தான், அதில் உணர்ச்சி பெரும்பாலும் பின்னணியாகத்தான் வரும், என் சூத்திரம் போதும்.

முரளி: அதே கடிதத்தில் நேற்று உங்கள் வீட்டு விருந்து பிடித்திருந்தது என்று எழுதுங்கள், பார்க்கலாம். 'லா ஃபெஸ்தா மி ஏ பியச்சூதா' என்றுதான் வர வேண்டும். 'மி பியச்சேவா' என்று விட்டால், முன்பு பிடித்துக்கொண்டிருந்தது, அப்புறம் என்ன ஆனதோ என்று படிப்பவர் காத்திருப்பார். பிடிப்பது உணர்ச்சியா செயலா, நீங்களே சொல்லுங்கள்.